கிழியக் கூடாத பை

வெள்ளறடை
செப்டம்பர் 15

அன்புள்ள ஜெஸ்மி அக்காவுக்கு,

பிஜி எழுதுவது. நானும் ஜிஜியும் சுகம். உனக்கு ராத்திரி ட்யூட்டி மாறியதா, நேரத்துக்குச் சாப்பிடுகிறாயா, அந்த முதுகு வலி எப்படி உண்டு என்றெல்லாம் விவரமாக எழுது.

இந்தக் காலத்தில் காகிதத்தில் கடிதமா என்று சிரிக்காதே. என் ஃபோனில் நான் யாரிடம் பேசினேன், எவ்வளவு நேரம் பேசினேன் என்று மனு தினமும் பார்க்கிறார். அழித்து வைத்தால் ஏன் அழித்தாய் என்று அதற்கு ஒரு விசாரணை. தபால்காரர்மேல் மட்டும்தான் இன்னும் சந்தேகம் வரவில்லை. நீ பதில் போடும்போது வீட்டு விலாசம் வேண்டாம். நான் தைக்கப் போகிற பெருங்கடவிளை தையல் யூனிட்டுக்கு, ஷைலஜா டீச்சர் பெயருக்கு அனுப்பு. உள்ளே இன்னொரு கவரில் என் பெயரை எழுது. டீச்சர் பிரித்துப் பார்க்கிற ஆளில்லை.

விஷயத்துக்கு வருகிறேன். மனு சைக்கிளில் கன்னியாகுமரியிலிருந்து காஷ்மீர் வரை போகப் போகிறார். கிளப்பில் உள்ள ஜெயனும் சோமனும் கூட உண்டு. போய்வர இரண்டு மாதத்துக்கு மேல் ஆகும். ரப்பர் கடையைச் சித்தப்பா மகன் பார்த்துக்கொள்வாராம்.

போன வருஷம் நீ என்னைக் கூப்பிட்டாய், நான் வரவில்லை. ஏன் என்று உனக்குத் தெரியும். "போணுமெண்ணா போ. பிள்ளை இங்க நிக்கும்" என்று அவர் சொன்னார். ஏழு வயசுப் பிள்ளையை அந்த ஆளிடம் விட்டுவிட்டு நான் எந்த ஊருக்குப் போய் என்ன வாழ்ந்துவிடப் போகிறேன்? ஆனால், அவரே போகிறார் என்றால்? வடக்கே நல்ல தூரம் போகட்டும் என்று விட்டு, பிள்ளையைக் கையில் பிடித்துக்கொண்டு நான் இறங்கிவிடுவேன். நீ சொன்ன கோயம்புத்தூர் வேலை இன்னும் உண்டா?

ஒரே தடங்கல், பை. சைக்கிள் தயார், ஆள் தயார், பைதான் அமையவில்லை. ஓணத்துக்கு முன்னாலிருந்து அதே பேச்சு. முதலில் ஆன்லைனில் வந்த பை சின்னது. அடுத்தது பெரிது, ஆனால் தண்ணீர் புகும். மூன்றாவது அவருடைய கேரியரில் மாட்டாது. மூன்றையும் திருப்பி அனுப்பியாயிற்று. பை அமையாமல் புறப்படமாட்டாராம். நேற்று என்னைப் பார்த்து, "நீ தையல்காரியாக்கும், நீயே தைச்சுத் தா" என்று சொல்லிவிட்டார்.

ஜிஜி உனக்கு முத்தம் தரச் சொல்கிறாள். கடிதத்தில் எப்படித் தருவது என்று எனக்குத் தெரியவில்லை, வாங்கிக்கொள்.

உன் தங்கை
பிஜி


மதுரை
செப்டம்பர் 27

அன்பு பிஜிக்கு,

உன் கவரைப் பார்த்ததும் எனக்குக் காய்ச்சல் வராத குறைதான். மற்றபடி உடம்புக்கு ஒன்றுமில்லை. முதுகு வலி இருக்கிறது, அது என்னோடுதான் ரிட்டயர்டு ஆகும்.

கோயம்புத்தூரில் பேசிவிட்டேன். பள்ளிக்கூடப் பையும் லேப்டாப் பையும் தைக்கிற கம்பெனி. என்னோடு படித்த லேகாவின் அண்ணன்தான் அங்கே மேலாளர். கம்பெனிக்குப் பின்னாலேயே குடியிருக்க ஒரு அறை கொடுப்பார்கள். பக்கத்துப் பள்ளிக்கூடத்தில் ஜிஜியை நடுவருஷத்திலும் சேர்த்துக்கொள்வார்கள். ஆனால் ஒன்று, பொங்கல் கழிந்து வருகிற திங்கட்கிழமை நீ அங்கே இருக்க வேண்டும். அதற்கு மேல் இடத்தைப் பிடித்து வைக்க முடியாது என்று லேகா கறாராகச் சொல்லிவிட்டாள். பெரிய ஆர்டர் வருகிறதாம்.

அதனால் அந்த மகாராஜா சீக்கிரம் சைக்கிள் ஏற வேண்டும். நவம்பரில் ஏறினால் நல்லது. மதுரைக்கு, என் வீட்டுக்கு, நீ வராதே. தேடினால் முதலில் இங்கேதான் வருவான்.

இப்போது ஒன்று கேட்கிறேன், சுற்றி வளைக்காமல் பதில் எழுது. அவன் உன்மேல் கை வைக்கிறானா? ஈஸ்டருக்கு நான் வந்தபோது அந்த வெயிலில் நீ முழுக்கை ரவிக்கை போட்டிருந்தாய். நான் நர்ஸ் பிஜி, குருடி இல்லை.

ஜிஜிக்கு என் முத்தம். நீ பட்டினி கிடந்து தைக்காதே.

ஜெஸ்மி


வெள்ளறடை
அக்டோபர் 11

அன்புள்ள அக்காவுக்கு,

இங்கே மழை விடவில்லை, ஆனாலும் எல்லோருக்கும் சுகம். முதுகுக்கு வெந்நீர் ஒத்தடம் கொடுக்கிறாயா? அடுத்தவர்களுக்குச் சொல்கிற வாய் தனக்குச் சொல்லிக்கொள்ளாது, எனக்குத் தெரியும்.

திங்கட்கிழமை விஷயம் மனசில் பதிந்துவிட்டது. நவம்பர் பாதியில் புறப்படுகிறேன் என்று மனுவும் சொல்லிவிட்டார். பை வேலை நடக்கிறது. களியக்காவிளையில் லாரிக்குப் போடுகிற படுதா வாங்கி வந்தேன், சாம்பல் நிறம். கைத்தையலும் வீட்டு மெஷினும் அதற்குப் போதாது, யூனிட்டில் இருக்கிற மோட்டார் மெஷினில்தான் தைக்கிறேன். பின் சக்கரத்துக்கு இரண்டு பக்கமும் ஒவ்வொரு பை, கேரியர் கம்பியில் கொக்கி போட்டுத் தொங்க வேண்டும். வாயைப் பொத்தானோ ஜிப்போ வைத்து மூடினால் தண்ணீர் இறங்கும். அதனால் பாயைச் சுருட்டுகிற மாதிரி மூன்று சுருட்டு சுருட்டி, இரண்டு ஓரத்திலும் கிளிப் போடுகிறேன். ஊசி போன துளையெல்லாம் தண்ணீருக்கு வழிதான். சைக்கிள் டியூப் ஒட்டுகிற சொல்யூஷனைத் தையல்மேல் பூசி, மேலே ஒரு பட்டை ஒட்டிவிட்டேன். வாளித் தண்ணீரில் முக்கிப் பார்த்தேன், உள்ளே வைத்த காகிதம் நனையவில்லை.

கனம்தான் எனக்குப் பயம். இரண்டு பக்கமும் ஒரே அளவு இருக்க வேண்டும், கனமான சாமான் அடியில் கிடக்க வேண்டும். ஒரு பக்கம் ஏறினால் சைக்கிள் இழுக்கும், கொக்கி பிடுங்கும். கொக்கி இருக்கும் இடத்தில் உள்ளே பிளாஸ்டிக் அட்டை வைத்து நாலு மடிப்புத் தைத்திருக்கிறேன்.

வீட்டில் விலாசினி சேச்சியை நினைத்தால்தான் கவலையாக இருக்கிறது. மனுவின் மூத்த சகோதரி, கல்யாணம் ஆகாமல் தம்பி வீட்டிலேயே நிற்கிறவர். நான் எத்தனை மணிக்கு வந்தேன், யார் கொண்டுவிட்டார்கள் என்று எல்லாம் சாயங்காலம் தம்பியின் காதில் போய்விடும். மனு போனாலும் சேச்சி இங்கேதான் இருப்பார். அதற்கு என்ன செய்வது என்று இன்னும் புரியவில்லை.

ஜிஜிக்கு முன் பல் ஒன்று விழுந்தது.

பிஜி


மதுரை
அக்டோபர் 24

பிஜிக்கு,

சுகம். ஒத்தடமும் கொடுத்தேன், போதுமா?

இரண்டு பக்கம் எழுதியிருக்கிறாய், முழுக்கப் பை. நான் கேட்ட கேள்விக்கு ஒரு வரி இல்லை. சரி, பதில் எழுதாததும் ஒரு பதில்தான் என்று எடுத்துக்கொள்கிறேன்.

எனக்கு ஆத்திரம் தாங்கவில்லை. உன்னை நிம்மதியாகத் தூங்கவிடாத ஒருத்தனுக்கு நீ நாலு மடிப்பு வைத்துத் தைக்கிறாய். வாளியில் முக்கிப் பார்க்கிறாய். நம் அம்மாவுக்கு ஒரு ரவிக்கை இத்தனை கவனமாகத் தைத்திருப்பாயா? சேலம் தாண்டினதும் அந்தப் பை கிழிந்து, ஜட்டியும் பனியனும் ஹைவேயில் பறக்க வேண்டும், பின்னால் வருகிற லாரிக்காரர்கள் எல்லாம் ஹாரன் அடித்துச் சிரிக்க வேண்டும். என் தினசரி ஜெபமே இதுதான்.

சேச்சி விஷயத்தில் ஜாக்கிரதை. ஜிஜியிடம் ஒரு வார்த்தை சொல்லாதே, பிள்ளை வாயில் நிற்காது.

புறப்படுகிற தேதி நிச்சயமானதும் எழுது. நல்லபடியாக இரு.

ஜெஸ்மி


வெள்ளறடை
நவம்பர் 9

அன்புள்ள அக்காவுக்கு,

உன் ஜெபத்தைப் படித்து யூனிட்டில் உட்கார்ந்து சிரித்துவிட்டேன். டீச்சர் என்ன என்று கேட்டார். ஆனால் அக்கா, அந்த ஜெபம் வேண்டாம். பை கிழிந்தால் அவர் திரும்பி வருவார். எவ்வளவு நன்றாகத் தைக்கிறேனோ அவ்வளவு தூரம் போவார். நான் யாருக்காகத் தைக்கிறேன் என்று இப்போது புரிகிறதா?

நல்ல செய்தி இல்லை. நேற்று சாமான் எல்லாம் ஏற்றி, பூவார் கடற்கரை வரைக்கும் ஓட்டிப் பார்க்கப் போனார்கள். பெடல் மிதிக்கும்போது மனுவின் குதிகால் ஒவ்வொரு சுற்றுக்கும் பையின் முன் ஓரத்தில் இடித்திருக்கிறது. பாலம் இறங்கும்போது கால் தட்டி விழுந்துவிட்டார். முட்டி தோல் உரிந்திருக்கிறது, வேறொன்றுமில்லை. படகுக்காரர்கள் சிரித்தார்களாம். அதுதான் அவருக்குத் தாங்கவில்லை. ஜெயனும் சோமனும் பார்க்க நின்றார்களே என்று வந்ததிலிருந்து அதையே சொல்கிறார்.

கொக்கியை நாலு விரல் பின்னால் தள்ளி, பையின் முன் மூலையைச் சரிவாக வெட்டினால் குதிகால் படாது. எனக்கு முதலிலேயே தோன்றியிருக்க வேண்டும். பயணத்தைக் கிறிஸ்மஸ் கழிந்து என்று தள்ளிவிட்டார்கள். பொங்கலுக்கு எத்தனை நாள் இருக்கும் என்று எண்ணிப் பார்க்கப் பயமாக இருக்கிறது.

இனி யூனிட்டில் வைத்துத் தைக்க வேண்டாமாம். மோட்டார் மெஷினை இரண்டு நாளைக்கு வீட்டுக்குக் கொண்டுவந்து, அவர் கண் முன்னாலேயே தைக்க வேண்டுமாம். நாளைக்கு ஆட்டோவில் வருகிறது.

நீ பத்திரமாக இரு. அடுத்ததில் விவரமாக எழுதுகிறேன்.

பிஜி


மதுரை
டிசம்பர் 2

பிஜி,

என்ன ஆயிற்று? மூன்று வாரம் தாண்டியும் ஒரு வரி இல்லை. நான் சுகமாக இருக்கிறேனா என்றெல்லாம் எழுத இப்போது பொறுமை இல்லை.

ஃபோன் செய்தேன், அவன் எடுத்தான். "பிஜி குளிக்கா மைனி" என்றான். மறுநாள் செய்தேன், கோயிலுக்குப் போயிருக்கிறாள் என்றான். மூன்றாவது தடவை வீடியோவில் உன்னைக் காட்டினான். நீ சிரித்தாய், இடது கையை ஆட்டினாய். வலது கையைக் கடைசிவரை நீ மேலே எடுக்கவே இல்லை. அவன் பக்கத்தில் நின்றுகொண்டிருந்தான், அதனால் நான் கேட்கவில்லை.

டீச்சர் கையாலாவது ஒரு வரி எழுதச் சொல். இல்லையென்றால் நான் லீவு போட்டுவிட்டு அங்கே வந்து நிற்பேன்.

ஜெஸ்மி


வெள்ளறடை
டிசம்பர் 12

மதிப்புக்குரிய ஜெஸ்மி மைனிக்கு,

மனு எழுதுகிறேன். கர்த்தர் கிருபையால் இங்கே குடும்பமாக நல்ல சுகத்தோடு இருக்கிறோம். தங்களுடைய சுகத்துக்காகவும் ஜெபிக்கிறோம்.

இந்தப் பார்சலில் ஒரு டயர், நாலு டியூப், பிரேக் கட்டை, இரண்டு பனியன் வைத்திருக்கிறேன். தயவுசெய்து பத்திரமாக வைத்திருக்கவும். நீண்ட பயணம் போகிறவர்கள் எல்லாச் சாமானையும் முதலிலேயே சுமக்காமல், வழியில் வேண்டியவர்கள் வீட்டுக்கு இப்படி அனுப்பி வைப்பது வழக்கம். எங்களுக்கு மதுரையில் தாங்கள் இருப்பது பெரிய உதவி. புதுவருஷம் பிறந்ததும் ஜெபத்தோடு புறப்படுகிறோம். நாலாம் நாள் சாயங்காலம் தங்கள் வீட்டில் எத்தி, அன்று ராத்திரி அங்கேயே தங்கலாம் என்று இருக்கிறோம். சிரமம் இல்லையே?

பிஜி எழுதவில்லை என்று வருத்தப்படவேண்டாம். தைக்கும்போது கவனம் இல்லாமல் விரலில் ஊசி ஏற்றிக்கொண்டாள். எத்தனை சொன்னாலும் அவளுக்குக் கவனம் போதாது. இப்போது ஆறி வருகிறது. நான் கூடவே இருந்து பார்த்துக்கொள்கிறேன். ஊரில் இல்லாத நாட்களில் தினமும் ஏழு மணிக்கு வீடியோவில் கூப்பிட்டுப் பிள்ளையையும் அவளையும் பார்ப்பேன். விலாசினி அக்காவும் உண்டு. ஆகையால் தாங்கள் எதற்கும் கவலைப்பட்டு இங்கே வரவேண்டியதில்லை.

தங்கள் அன்புள்ள
மனு


மதுரை
டிசம்பர் 18

என் பிஜிக்கு,

நீ எப்படி இருக்கிறாய் என்று கேட்பதற்கே எனக்கு வெட்கமாக இருக்கிறது. உன் புருஷனுடைய சீட்டைப் படித்துவிட்டேன். எத்தனை மரியாதை, எத்தனை ஜெபம்! நான் இருபது வருஷமாக விரலில் ஊசி ஏறினவர்களைப் பார்க்கிறவள். பழகின கை ஊசிக்கு அடியில் தானாகப் போய் நிற்காது. இதற்கு மேல் காகிதத்தில் எழுதவில்லை.

அவன் என் வீட்டில் தங்க வருகிறான். வராதே என்றால் சந்தேகம் வரும். வரட்டும். சோறு போடுகிறேன், பாய் போடுகிறேன், சிரிக்கிறேன். அவனை வடக்கே அனுப்புகிற வேலையில் எனக்கும் பங்கு வேண்டாமா?

நீ ஒன்றே ஒன்று செய். அந்தப் பையை முடித்துக் கொடு. நான் முன்பு திட்டியதை மறந்துவிடு. எத்தனை மடிப்பு வேண்டுமோ அத்தனை வைத்துத் தை.

விரலில் சீழ் பிடித்தால் தாமதிக்காமல் ஆஸ்பத்திரிக்குப் போ. வேப்பிலை, மஞ்சள் என்று உட்கார்ந்திருக்காதே.

உன் அக்கா


வெள்ளறடை
ஜனவரி 2

அன்புள்ள அக்காவுக்கு,

எழுத்து கோணலாக இருந்தால் பொறுத்துக்கொள். கட்டு அவிழ்த்தாயிற்று, ஆனால் பேனாவைச் சரியாகப் பிடிக்க வரவில்லை. புதுவருஷ வாழ்த்து.

நீ செப்டம்பரில் ஒரு கேள்வி கேட்டாய். ஆமாம். மெஷின் வீட்டுக்கு வந்த அன்று, படுதாவைச் சரிசெய்ய நான் ஊசிக்கு அடியில் விரல் வைத்திருந்தேன். சக்கரத்தை நான் சுற்றவில்லை. சேச்சி வாசலில் பூண்டு உரித்துக்கொண்டிருந்தார். எழுந்து உள்ளே போய்விட்டார். இவ்வளவுதான், இனி இதைப் பற்றி எழுதமாட்டேன்.

இன்று காலையில் புறப்பட்டுவிட்டார்கள்! ஆனால் எனக்குச் சந்தோஷப்பட முடியவில்லை, காரணம் இந்த ஊர் ஜெபம்.

நேற்று சாயங்காலம் வீட்டில் வழியனுப்பு ஜெபம் வைத்தார்கள். சபையில் பாதிப் பேர் வந்துவிட்டார்கள். இங்கே ஒரு வழக்கம் உண்டு, உனக்கு ஞாபகம் இருக்கும். தூரம் போகிறவனுக்கு ஒவ்வொரு வீட்டுக்காரரும் ஏதாவது கொண்டுவந்து, தங்கள் கையாலேயே பைக்குள் வைப்பார்கள். வேண்டாம் என்றால் ஜெபத்தையே வேண்டாம் என்று சொன்ன மாதிரி. நான் இரண்டு பையையும் நிறுத்துப் பார்த்து, சமமாகக் கட்டி, சைக்கிளில் மாட்டி நிறுத்தியிருந்தேன். நல்ல காரியம் வலது பக்கம் என்று முதலில் உபதேசியார் ஒரு பெரிய வேதபுத்தகத்தை வலப் பையில் வைத்தார். அதைப் பார்த்து அடுத்தவரும் வலது பக்கம், அதற்கடுத்தவரும் வலது பக்கம். ஒரு பாட்டில் தேங்காய் எண்ணெய். ஏத்தங்காய் சிப்ஸ் மூன்று பொதி. வெயிலில் உணக்கின மரச்சீனிக் கிழங்கு. நேசையன் மாமா வறுத்த தேங்காய் இடிச்சம்மந்தியைப் பாத்திரத்தோடே தூக்கி வைத்தார். இடது பை தொடாமல் கிடந்தது.

ஜெபம் முடிந்ததும் நான் மெல்ல, "ரெண்டு பக்கமும் ஒப்பம் ஆக்கட்டா?" என்று கேட்டேன். "வச்ச கையை நீ மாத்துவியா?" என்று எல்லோர் முன்னாலும் சத்தம் போட்டார். உபதேசியாருக்கு அவருடைய பக்தி மிகவும் பிடித்துவிட்டது.

வலப்பக்கக் கொக்கி அந்தக் கனத்தைத் தாங்காது அக்கா. எங்கே அறும் என்றுதான் தெரியவில்லை. மதுரைக்கு முன்னால் அறுந்தால் ரயில் ஏறித் திரும்பிவிடுவார். இந்தக் கடிதத்தை ஸ்பீட் போஸ்டில் அனுப்புகிறேன், அவர் வருவதற்குள் உன் கையில் கிடைக்க வேண்டும். எப்படியாவது அந்தச் சாமானை இறக்கிவை.

பிஜி


மதுரை
ஜனவரி 6

அன்பு பிஜிக்கு,

நான் சுகம், இப்போதுதான் மூச்சு விடுகிறேன். நேற்று ஃபோனில் நாம் மூன்று பேரும் பேசினோம். அவன் ஸ்பீக்கரில் போட்டிருந்ததால் உனக்குக் குரல் மட்டும்தான் கேட்டிருக்கும். மீதியைக் கேள்.

உன் கடிதம் மத்தியானம் வந்தது. அவர்கள் ஆறு மணிக்கு வந்தார்கள். வலப் பை கேரியரில் கயிறு போட்டுக் கட்டித் தொங்கிக்கொண்டிருந்தது. கோவில்பட்டி தாண்டி ஒரு பள்ளத்தில் கொக்கி பிய்ந்து வந்துவிட்டதாம். உன் புருஷன் முகத்தைப் பார்க்க முடியவில்லை. வந்த உடனே, "நான் நாளைக்கு ரயில் கேறி வீட்டுக்குப் போறேன் மைனி. அவளை ரெண்டு கேக்கணும்" என்றான். நான் காப்பியை நீட்டி, "இதுக்குப் போயி ரயிலா? ஒரு கொக்கிதானே மனு? அவகிட்டயே கேளுங்க, எப்படித் தைக்கணும்னு சொல்லட்டும், நான் தைக்கிறேன்" என்றேன். அப்போதுதான் உன்னைக் கூப்பிட்டான்.

பிஜி, நீ எப்படி அத்தனை நிதானமாகப் பேசினாய்? "எனக்க தப்பாக்கும். இன்னும் கொஞ்சம் பலமாத் தைச்சிருக்கணும்" என்று நீ சொன்னதும் அவன் முகம் தளர்ந்ததை நான் பார்த்தேன். "வேதபுத்தகத்தை ரோட்டில கொண்டு போயி நனைக்காண்டாம், அக்கா வீட்டில பத்திரமா இரிக்கட்டு. எண்ணெய் ஒழுகினா புத்தகத்துக்கு மரியாதை இல்ல பாத்துக்கிடுங்க" என்று நீ சொன்னாய் பார், அதில்தான் விழுந்தான். சாமானை இறக்கியது அவனுடைய பக்தி ஆகிவிட்டது.

நான் தைத்தேன். ஆஸ்பத்திரியில் தேதி முடிந்த தையல் நூலும் வளைந்த ஊசியும் வீட்டில் கிடந்தன. மனுஷத் தோலைத் தைக்கிற நூலால் லாரிப் படுதாவைத் தைத்தேன். நீ ஃபோனில் ஒவ்வொரு குத்தாகச் சொல்லிக்கொண்டு வந்தாய். அவன் என் பக்கத்தில் குந்தியிருந்து என் கையையே பார்த்துக்கொண்டிருந்தான். இன்னும் எத்தனை தடவை குத்த வேண்டும் என்று உன்னிடம் கேட்டேன். நிற்காமல் போக எத்தனை வேண்டுமோ அத்தனை என்று நீ சொன்னாய்.

காலையில் சோறு தின்றுவிட்டுப் புறப்பட்டான். திண்டுக்கல் ரோடு திரும்புகிறவரை நான் தெருவில் நின்றேன். கொக்கி அசையவில்லை.

இனி நீதான். திங்கட்கிழமையை மறக்காதே.

ஜெஸ்மி


வெள்ளறடை
ஜனவரி 14

அன்புள்ள அக்காவுக்கு,

கர்நாடகம் தாண்டி ஆந்திராவுக்குள் போய்விட்டார். பை நன்றாக உண்டு என்று நேற்று அவரே சொன்னார். வழியில் பார்க்கிறவர்கள் எங்கே வாங்கினது என்று கேட்கிறார்களாம். என் பொண்டாட்டி தைத்தது என்று சொன்னாராம். அதைக் கேட்டு எனக்கு அழுகை வந்தது. ஏன் என்று கேட்காதே.

சனிக்கிழமை காலையில் முதல் பஸ்ஸில் ஏறுகிறோம். ஃபோனை அடுக்களையிலேயே வைத்துவிடுவேன், அதைக் கொண்டு போனால் நான் எங்கே போகிறேன் என்று அவருக்குத் தெரியும்.

ஒரு விஷயம் சரியில்லை. நேற்று ஜிஜியின் பள்ளிக்கூடப் பையைச் சேச்சி தூக்கிப் பார்த்தார். உள்ளே அவளுடைய துணியெல்லாம் மடித்து வைத்திருந்தேன். சேச்சி பையைத் திறக்கவில்லை. கையில் வைத்துக்கொண்டு கொஞ்ச நேரம் நின்றார், பிறகு இருந்த இடத்திலேயே வைத்துவிட்டுப் போனார். சாயங்காலம் ஏழு மணிக்கு மனு கூப்பிட்டபோது சேச்சி என் பின்னால் நின்றார். எனக்கு உயிரே போய்விட்டது. அரிசி விலை பேசினார், அவ்வளவுதான். இன்றைக்கும் நாளைக்கும் சொல்லிவிடாமல் இருக்க வேண்டும். சொன்னால் எல்லாம் முடிந்தது.

எனக்காக ஜெபம் பண்ணு. இந்தத் தடவை லாரிக்காரர்கள் வேண்டாம்.

பிஜி


வெள்ளறடை
ஜனவரி 25

அன்புள்ள பிஜிக்கு,

விலாசினி எழுதுகிறேன். உனக்கும் பிள்ளைக்கும் தேக சுகம் உண்டு என்று நம்புகிறேன். எனக்குச் சுகம். வேதத்தில் வாசித்த தமிழ்தான் எனக்குத் தெரியும், தப்பு இருந்தால் பொறுத்துக்கொள். மனுவின் பார்சலில் விலாசம் எழுதினது நானாக்கும், அதனால் இந்தக் கடிதத்தை ஜெஸ்மியின் வீட்டுக்கு அனுப்புகிறேன். அவள் உன்னிடம் எத்திப்பாள்.

நீ போன அன்று காலையில் நான் உறங்கவில்லை. நீ கதவை மெதுவாகச் சாத்தினதும், பிள்ளை "அம்மா, மாமிகிட்ட சொல்லல்லியே" என்று கேட்டதும், நீ அவள் வாயைப் பொத்தினதும் எல்லாம் கேட்டது. நான் எழுந்து வந்தால் நீ பயந்துபோவாய் என்று படுத்தே கிடந்தேன்.

அன்று சாயங்காலம் ஏழு மணிக்கு உன் ஃபோன் அடித்தது. வீடியோவில் என் முகத்தைப் பார்த்ததும், "அவ எங்கே?" என்று கேட்டான். பிள்ளைக்குக் காய்ச்சல், ரெண்டும் உறங்குகிறது என்று சொன்னேன். மறுநாளும் அதையே சொன்னேன். மூன்றாம் நாள் காட்டு என்று சத்தம் போட்டான். ஃபோனைக் கிணற்றடிக் கல்லில் போட்டேன். கண்ணாடி பொடிந்துபோனது. பிறகு என்னுடைய பழைய ஃபோனில் கூப்பிட்டான், அதில் முகம் தெரியாது. பெண்கள் சங்கக் கூட்டம் என்று ஒரு நாள், விரலைக் காட்ட ஆஸ்பத்திரிக்குப் போயிருக்கிறாள் என்று ஒரு நாள், குளிக்கிறாள் என்று ஒரு நாள். அவன் ஜெஸ்மியிடம் சொல்லுகிற அதே சொல்தான். ஒவ்வொரு நாளும் அவன் தூரம் போனான். ஹைதராபாத் தாண்டினான். நாக்பூர் எத்தினான்.

நேற்று என்னிடம் ஒன்றும் கேட்கவில்லை. "அக்கா, நீ பொய்யாக்கும் சொல்லுதே" என்றான். ரயில் கிடைத்துவிட்டது, சைக்கிளைச் சோமனிடம் விட்டுவிட்டு வருகிறானாம். செவ்வாய்க்கிழமை இங்கே வந்துவிடுவான்.

நான் உனக்காகச் செய்தேன் என்று நினைக்காதே. அன்று அவன் மெஷின் சக்கரத்தைச் சுற்றினபோது எனக்கும் கண் உண்டு. அவன் கையை உனக்குத் தெரிவதற்கு முன்னாலேயே எனக்குத் தெரியும். எங்கள் அப்பாவின் கையும் அதுதான். எங்கள் அம்மாவுக்குப் போக ஒரு இடம் இல்லை. எனக்கும் இல்லை.

அவன் வரும்போது நான் முன்வாசலில் இருப்பேன். பயம் உண்டு, இல்லை என்று சொல்லவில்லை. ஆனாலும் ஒளிந்துகொள்ளப் போவதில்லை.

நீ எனக்குப் பதில் எழுத வேண்டாம். எந்த ஊரில் இருக்கிறாய் என்று யாரிடமும் சொல்லி அனுப்பவும் வேண்டாம். பிள்ளையைப் பார்க்க எனக்கு ஆசை உண்டு, ஆனாலும் வேண்டாம். இந்த ஒரு வாரம் சொன்ன பொய்க்கே நான் தேவனிடம் கணக்குச் சொல்லவேண்டும். அவள் எங்கே என்று செவ்வாய்க்கிழமை அவன் கேட்பான். எனக்குத் தெரியாது என்று சொல்லுவேன். அது சத்தியமாக இருக்க வேண்டும் மக்கா.

விலாசினி